காரிலிருந்து பேருந்துக்கு: பி.எஸ்.வி. லைசென்ஸ் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தைப்பூசத்திற்கு இன்னும் இரண்டே நாள். பத்துமலைக்குப் போக ஆலயத்தில் 40 பேர் பணம் கட்டிவிட்டார்கள். பேருந்தும் பேசி முடித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வருகிறது. கூட்டத்தில் யாராவது ஒருவர் உடனே சொல்வார்: "நம்ம அண்ணன் பத்து வருசமா லாரி ஓட்டுறாரு. அவருக்கு பஸ் ஓட்டத் தெரியாதா?"

அண்ணனுக்கு ஓட்டத் தெரிந்திருக்கலாம். ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் நம்மிடையே பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள். சிலர் அபராதத்தோடு தப்புகிறார்கள். சிலருக்கு அது வாழ்நாள் வேதனையாகிவிடுகிறது.

பள்ளி வேன் ஓட்டிப் பிழைக்க நினைக்கும் பெற்றோர், லாரியை விட்டுப் பேருந்துக்கு மாற விரும்பும் ஓட்டுநர்கள், எஸ்.பி.எம். முடித்துச் சில ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு நிலையான ஒரு தொழிலைத் தேடும் இளைஞர்கள் ஆகியோருக்காக, பயணிகளை ஏற்றும் வாகனங்களுக்கான லைசென்ஸ் பற்றிய விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இரண்டு கேள்விகள், இரண்டு அனுமதிகள்

நம் நாட்டில் வாகனமோட்டும் லைசென்சுகள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. வழங்குவது ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகா. அந்தச் சட்டம் ஓட்டுநரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது.

முதல் கேள்வி: இந்த வகை வாகனத்தை ஓட்டும் திறமை உங்களுக்கு உண்டா? இதற்கான பதில்தான் நம் லைசென்சில் இருக்கும் பி2, டி, இ போன்ற வகுப்புகள்.

இரண்டாவது கேள்வி: இந்த வாகனத்தை வைத்து என்ன தொழில் செய்யப் போகிறீர்கள்? இதற்கான பதில் தொழில்முறை லைசென்ஸ். சரக்கு ஏற்றினால் ஜி.டி.எல்., பயணிகளை ஏற்றினால் பி.எஸ்.வி. அதாவது பொதுச் சேவை வாகன லைசென்ஸ்.

முதல் லைசென்ஸ் இல்லாமல் இரண்டாவது கிடைக்காது. முதல் லைசென்ஸ் மட்டும் இருந்தால் இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி விவரங்கள் தானாகப் புரியும்.

உங்கள் கையில் உள்ள லைசென்ஸ் எதுவரை செல்லும்?

டி வகுப்பு: சுமை ஏற்றாத நிலையில் 3,500 கிலோவுக்கு மேற்படாத மோட்டார் வாகனங்கள். சாதாரண கார், எம்பிவி, வேன் எல்லாம் இதில் அடங்கும். ஆட்டோ கியர் காரில் மட்டும் தேர்வு எழுதியவர்களுக்கு டி.ஏ. வகுப்பு கிடைக்கும். அவர்கள் மேனுவல் கியர் வண்டி ஓட்ட முடியாது.

இ2 வகுப்பு: 5,000 கிலோவுக்கு மேற்படாத கனரக வாகனங்கள்.

இ1 வகுப்பு: 7,500 கிலோவுக்கு மேற்படாத கனரக வாகனங்கள்.

இ வகுப்பு: 7,500 கிலோவுக்கு மேற்பட்ட கனரக வாகனங்கள்.

இங்கே சொல்லப்படும் எடை வாகனத்தின் வெற்று எடை. ஏற்றும் ஆட்களையும் சாமான்களையும் இதில் சேர்ப்பதில்லை.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது முழுக்க முழுக்க எடையைப் பற்றியது. ஆளை ஏற்றுவது பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால்தான் இ வகுப்பும் ஜி.டி.எல்.லும் வைத்திருக்கும் லாரி அண்ணன், 40 பக்தர்களை ஏற்றிய பேருந்தை எடுக்க முடியாது. அவருக்கு எடைக்கான அனுமதியும் சரக்குக்கான அனுமதியும் இருக்கின்றன. ஆட்களுக்கான அனுமதி இல்லை.

யாருக்கெல்லாம் பி.எஸ்.வி. தேவை?

பொதுவாகச் சொன்னால், கட்டணம் வாங்கிக்கொண்டு அல்லது சம்பளத்திற்காக மற்றவர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு பி.எஸ்.வி. தேவை. டாக்சி, இ-ஹெய்லிங் கார், பள்ளி வேன், பள்ளிப் பேருந்து, தொழிற்சாலைப் பேருந்து, நகரப் பேருந்து, விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்து என எல்லாம் இதில் வரும்.

சொந்த வேனில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவருக்கு பி.எஸ்.வி. தேவையில்லை. அதே வேனில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரை மாதக் கட்டணத்திற்குப் பள்ளிக்கு அழைத்துச் சென்றால் நிலைமை மாறிவிடுகிறது. வண்டி மாறவில்லை, ஓட்டுநர் மாறவில்லை, பாதைகூட மாறவில்லை. ஆனால் அது இப்போது பயணிகள் சேவை.

நம் சமூகத்தில் இது அடிக்கடி நடக்கிறது. தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் பட்டணங்களுக்கு நகர்ந்த பிறகு, பல தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வெகு தூரத்தில் இருக்கின்றன. வேன் இல்லையென்றால் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்கே போக முடியாது என்ற நிலை பல குடும்பங்களுக்கு உண்டு. எனவே நல்ல எண்ணத்தோடு வேன் ஓட்டத் தொடங்குகிறவர்கள் ஏராளம். நல்ல எண்ணம் போதாது, லைசென்சும் வேண்டும்.

இன்னொரு பொதுவான குழப்பம் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களிடம் உண்டு. 2019 முதல் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கும் பி.எஸ்.வி. கட்டாயமாக்கப்பட்டது. "என்கிட்டதான் பி.எஸ்.வி. இருக்கே" என்று அவர்களில் சிலர் பேருந்து வேலைக்குப் போய் நிற்கிறார்கள். பி.எஸ்.வி.க்குள்ளேயே வகைகள் உண்டு. காருக்காக எடுத்தது காருக்குத்தான். பேருந்துக்கு அதற்கான பயிற்சியும் தேர்வும் தனி.

அடிப்படைத் தகுதிகள்

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். கார் லைசென்சை 17 வயதிலேயே எடுக்கலாம் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சி.டி.எல். எனப்படும் முழு லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். 'எல்' அட்டையோ 'பி' அட்டையோ போதாது. புதிதாக லைசென்ஸ் எடுப்பவர் இரண்டு ஆண்டுகள் 'பி' அட்டையோடு ஓட்டிய பிறகுதான் முழு லைசென்சுக்கு வருகிறார். ஆகவே 21 வயதில் பி.எஸ்.வி. எடுக்க நினைக்கும் இளைஞர், கார் லைசென்சை 18 வயதிலாவது எடுத்துவிடுவது நல்லது.

அந்த லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். காலாவதியாகி மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் வெறுமனே புதுப்பிக்க முடியாது, மறுபடி தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும்.

சம்மன்கள், நீதிமன்ற வழக்குகள் காரணமாகப் பெயர் கறுப்புப் பட்டியலில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பணம் கட்டிப் பயிற்சியில் சேரும் முன் உங்கள் நிலையை மைஜேபிஜே செயலியிலோ ஜேபிஜே முகப்பிலோ பார்த்துவிடுங்கள்.

மருத்துவச் சோதனை: சடங்காக நினைக்காதீர்கள்

பி.எஸ்.வி. விண்ணப்பத்திற்கு மருத்துவரின் அறிக்கை தேவை. 'எல்8ஏ' என்ற ஜேபிஜே பாரத்தை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், செவித்திறன், இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு நோய் ஆகியவற்றை அவர் கவனிப்பார்.

"கிளினிக்ல அஞ்சு நிமிசத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க" என்ற பேச்சை நம்பி உண்மையை மறைக்கிறவர்கள் உண்டு. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நீரிழிவு இருந்தாலே பேருந்து ஓட்ட முடியாது என்று பயந்து மறைப்பதைவிட, அதைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. ஏனென்றால் உண்மையான ஆபத்து கட்டுப்பாடு இல்லாத நிலையில்தான் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு, காலை உணவைத் தவற விட்டு, 5 மணிக்கு வண்டியை எடுக்கும் ஒருவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால், கண் இருளும், கை நடுங்கும், முடிவெடுக்கும் சக்தி குழம்பும். காரில் போகும்போது ஓரமாக நிறுத்தலாம். 40 பேரோடு நெடுஞ்சாலையில் போகும்போது அந்த ஓரத்தைத் தேடுவதற்குக்கூட நேரம் இருக்காது.

குறட்டையும் அப்படித்தான். இரவெல்லாம் பெரும் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், பகலில் அடிக்கடி கண் சொக்குதல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

பயிற்சியும் தேர்வும்: படிப்படியாக

முதல் படி: ஜேபிஜே அங்கீகாரம் பெற்ற, பி.எஸ்.வி. பயிற்சி நடத்தும் ஒரு வாகனமோட்டும் பயிற்சிக் கழகத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கழகங்களிலும் பேருந்து இருப்பதில்லை. பயிற்சிப் பேருந்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டாவது படி: எந்த வண்டியை ஓட்டப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பள்ளி வேனா, தொழிற்சாலைப் பேருந்தா, 12 மீட்டர் விரைவுப் பேருந்தா? அந்த வண்டியின் வெற்று எடை, இருக்கை எண்ணிக்கை, பெர்மிட் வகை ஆகியவற்றைக் காட்டிக் கேட்டால், உங்கள் லைசென்சில் எந்த வகுப்பும் எந்த பி.எஸ்.வி. வகையும் இருக்க வேண்டும் என்பதை முகப்பிலேயே சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்காமல் பணம் கட்டி, வேலையில் சேர்ந்த பிறகு வேறு வகை வேண்டும் என்று தெரிந்துகொள்வது வீண் செலவு.

மூன்றாவது படி: மருத்துவ அறிக்கையோடு பதிவு.

நான்காவது படி: வகுப்பறைப் பாடமும் அதையொட்டிய எழுத்துத் தேர்வும். சாலைச் சட்டம் மட்டுமின்றி, பயணிகளின் பாதுகாப்பு, அவசர நிலை, ஓட்டுநரின் நடத்தை ஆகியவையும் இதில் முக்கியம்.

ஐந்தாவது படி: பேருந்தில் செய்முறைப் பயிற்சி. வளாகத்திற்குள் தொடங்கிப் பிறகு சாலைக்குப் போவார்கள்.

ஆறாவது படி: ஜேபிஜே அதிகாரி நடத்தும் செய்முறைத் தேர்வு. தேறியவர்களுக்கு பி.எஸ்.வி. வழங்கப்படும். இது தனியாகச் செயல்படுவதில்லை. உங்கள் சி.டி.எல். நடப்பில் இருக்கும் வரைதான் இதற்கும் உயிர்.

லைசென்சுக்கான அரசாங்கக் கட்டணம் ஆண்டுக்கு 20 வெள்ளிதான். பெரிய செலவு பயிற்சிக் கட்டணம். அது கழகத்திற்குக் கழகம் வேறுபடும் என்பதால், குறைந்தது மூன்று இடங்களில் விசாரியுங்கள். மறுதேர்வுக் கட்டணமும் கூடுதல் பயிற்சி நேரமும் அந்தத் தொகையில் அடங்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். குறைந்த வருமானம் பெறுவோருக்கு பி.எஸ்.வி. கட்டணத்தை ஏற்கும் திட்டங்களைப் போக்குவரத்து அமைச்சு நடத்தியிருக்கிறது. இடங்கள் குறைவு என்பதால் அறிவிப்பு வந்த உடனே விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். சில பேருந்து நிறுவனங்கள் ஆட்களை வேலைக்கு எடுத்துத் தங்கள் செலவிலேயே பயிற்சி கொடுப்பதும் உண்டு. அப்படியானால் எத்தனை ஆண்டுகள் வேலையில் இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெரிய காரைப் போல ஓட்டினால் என்ன ஆகும்?

நம் சாலைகளில் அதிகம் காணும் மைவி கார் 4 மீட்டர் நீளம்கூட இல்லை. ஒரு பெரிய பேருந்து 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். ஆளில்லாத நிலையிலேயே அதன் எடை 10 டன்னைத் தாண்டும். 40 பேர் ஏறினால் இன்னும் இரண்டு, மூன்று டன். இந்த வேறுபாடு கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்கிலேயே தெரியும்.

காரில் முன்சக்கரம் நமக்கு முன்னால் இருக்கிறது. பேருந்தில் ஓட்டுநர் முன்சக்கரத்திற்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காரில் திருப்புவதுபோல முச்சந்தியில் முன்கூட்டியே திருப்பினால், பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு நடைபாதை மேல் ஏறும். அங்கே நிற்பது பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். எனவே ஓட்டுநர் முச்சந்திக்குள் இன்னும் சற்று முன்னேறிப் போன பிறகே திருப்பப் பழக வேண்டும்.

பின்சக்கரத்திற்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதி, வண்டி திரும்பும் திசைக்கு எதிர்ப் பக்கமாக வீசும். இடப்பக்கம் திரும்பும் பேருந்தின் வால், வலப்பக்கத் தடத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளைத் தட்டிவிடலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து புறப்படும்போது வலப்பக்கம் ஒடித்தால், வால் இடப்பக்கம் நிற்கும் பயணிகளை நோக்கி வீசும்.

கண்ணாடியில் தெரியாத இடங்களும் அதிகம். வண்டியின் முன்பக்கம் கீழே, இடப்பக்கக் கதவுக்குப் பின்னால், வண்டியின் நேர் பின்னால் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு பிள்ளை முழுதாக மறைந்துபோகும். பள்ளி வாசலில் இறங்கிய பிள்ளை பேருந்தின் முன்பக்கமாக ஓடிச் சாலையைக் கடப்பது வழக்கம். இறங்கிய ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துவது நல்ல பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் பழக்கம்.

பிரேக்கும் வேறு. பெரிய பேருந்துகளில் காற்றழுத்த பிரேக். மிதித்த கணத்திலிருந்து பிடிக்கும் கணம் வரை சிறு தாமதம் உண்டு. காற்றழுத்த மீட்டர் போதிய அளவுக்கு ஏறும் முன் வண்டியை எடுக்கக் கூடாது. கார் லைசென்ஸ் எடுத்தபோது ஆர்.பி.கே. என்ற வாகனப் பரிசோதனையை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் பிறகு மறந்திருப்போம். பேருந்தில் அது தினசரி வேலை. டயர், விளக்கு, காற்றுக் கசிவு, கதவு, அவசர வழி, தீயணைப்புக் கருவி, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் என ஒவ்வொன்றையும் புறப்படும் முன் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று சரியில்லையென்றால் எழுத்தில் தெரிவித்து, வண்டியை எடுக்க மறுக்கும் துணிவு ஓட்டுநருக்கு வேண்டும்.

இறக்கத்தில்தான் ஓட்டுநர் தெரிவார்

2013 ஆகஸ்டு 21ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலை, கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். இரண்டுமே மலைச்சாலைகள்.

மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடிக்கும் சக்தியை இழக்கும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினின் இழுவையாலும் எக்ஸாஸ்ட் பிரேக், ரிட்டார்டர் போன்ற துணைக் கருவிகளாலும் வேகத்தை அடக்க வேண்டும். கால் பிரேக்கைக் கடைசிக்காகச் சேமித்து வைக்க வேண்டும். இறக்கத்தின் நடுவில் கியரை மாற்ற நினைப்பது மிகவும் தாமதம். பயிற்சிக் கழகம் சமதரையில் இருந்தால், பயிற்றுநரிடம் கேட்டு இறக்கப் பாதையில் ஒரு முறையாவது பயிற்சி எடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு, மலைப் பாதையில் முதல் சில பயணங்களை அனுபவமுள்ள ஓட்டுநரோடு போங்கள்.

வேகம், ஓய்வு, பெல்ட்

நெடுஞ்சாலையில் காருக்கு மணிக்கு 110 கிலோமீட்டர் அனுமதிக்கப்படும் இடத்திலும் பேருந்துக்கு 90தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. மூன்று வினாடி கண் சொக்கினால் 75 மீட்டர் பார்வையில்லாமல் ஓடியிருக்கும். பேருந்தைப் போல ஆறு மடங்கு நீளம் அது.

அதனால்தான் தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓட்டினால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு என்ற விதி இருக்கிறது. முந்தைய இரவு தூங்காதவருக்கு அந்த 30 நிமிடம் ஈடாகாது. பகலில் ஒரு வேலை பார்த்துவிட்டு இரவில் "ஒரு டிரிப்" அடிக்கும் பழக்கம் சம்பளத்திற்கு உதவலாம். உடலுக்கு ஒரே கணக்குதான், அது தூக்கத்தின் கணக்கு.

2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஓட்டுநரும் பயணிகளும் இருக்கை வார் அணிவது கட்டாயமாக அமலாக்கப்படுகிறது. புறப்படும் முன் "எல்லாரும் பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்பதைத் தயங்காமல் செய்யுங்கள். ஆலயக் குழுவோ திருமணக் கூட்டமோ ஏறும் பேருந்தில், பாட்டும் பேச்சுமாக நடைவழியில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். உட்கார்ந்தால்தான் வண்டி நகரும் என்று சொல்லும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு.

காப்புறுதி: விபத்துக்குப் பிறகு வரும் கேள்வி

பி.எஸ்.வி. இல்லாமல் ஓட்டுவது குற்றம். தகுந்த லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்லும் முதலாளியும் குற்றவாளிதான். ஆனால் இதைவிடக் கனமான சுமை காப்புறுதியில் இருக்கிறது.

தனியார் வாகனத்திற்கு எடுக்கும் காப்புறுதி, வாடகைக்கோ கட்டணத்திற்கோ ஆட்களை ஏற்றுவதை உள்ளடக்குவதில்லை. ஓட்டியவரிடம் உரிய லைசென்ஸ் இல்லையென்றால் காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்க வழி கிடைக்கிறது. வண்டியைப் பழுது பார்க்கும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். காயமடைந்த பிள்ளையின் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் கொடுப்பது? வழக்கு நேரே ஓட்டுநரின் வீட்டு வாசலுக்கு வரும். மாதம் சில நூறு வெள்ளிக்குத் தொடங்கிய வேன் ஓட்டம், இருக்கும் வீட்டையே விற்கும் நிலையில் கொண்டு போய் விடலாம்.

பிள்ளையை வேனில் அனுப்பும் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. "அண்ணே, உங்க பி.எஸ்.வி. காட்டுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாக லைசென்ஸ் எடுத்தவர் பெருமையோடு காட்டுவார்.

'லெசென் தெர்பாங்' வலையில் விழாதீர்கள்

"வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வர வேண்டாம், பணத்தைக் கொடு, லைசென்ஸ் வீட்டுக்கு வரும்" என்ற அழைப்பு முகநூலிலும் வாட்சாப்பிலும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 'லெசென் தெர்பாங்' என்று மலாயில் சொல்லப்படும் இது இரண்டில் ஒன்றாகத்தான் முடியும். ஒன்று, பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிடுவார். அல்லது போலி லைசென்ஸ் வரும், சாலைத் தடுப்பில் ஜேபிஜே பதிவைத் தட்டிப் பார்த்ததும் மாட்டிக்கொள்வீர்கள். இன்று லைசென்ஸ் மைஜேபிஜே செயலியிலேயே தெரிகிறது. பதிவில் இல்லாத லைசென்ஸ் வெறும் அட்டை. அதற்கும் மேலே, இறக்கத்தில் கியர் குறைக்கக் கற்றுக்கொள்ளாமல் ஏறி உட்காரும் ஓட்டுநரை எந்த அட்டையும் காப்பாற்றாது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு

ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது, வண்டிக்கும் அனுமதி வேண்டும். தீபகற்ப மலேசியாவில் பயணிகள் சேவைக்கான பெர்மிட்டை அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் கவனிக்கிறது. சேவை வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாளே பெர்மிட், பரிசோதனைச் சான்று, காப்புறுதி, சாலை வரி ஆகிய நான்கும் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாலையில் நிறுத்தப்படும்போது முதலாளி உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்றும் கேளுங்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுக்கும் இடத்தில், அதிக டிரிப் அடிக்க வேண்டும் என்ற அழுத்தம் தானாக வரும். இ.பி.எப்., சொக்சோ பிடிக்கிறார்களா என்பதையும் உறுதி செய்யுங்கள். சொந்தமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள், சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்புத் திட்டத்தில் தாங்களே பதிந்துகொள்ளலாம்.

சி.டி.எல்., பி.எஸ்.வி. இரண்டின் முடிவுத் தேதிகளையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். வேகக் கட்டுப்பாட்டை மீறியோ சிவப்பு விளக்கைத் தாண்டியோ வாங்கும் ஒவ்வொரு சம்மனும், காரில் போகும்போது வாங்கியதாக இருந்தாலும், உங்கள் தொழிலைத் தொடும். சி.டி.எல். முடக்கப்பட்டால் பி.எஸ்.வி.யும் பயன்படாது. மற்றவர்களுக்கு லைசென்ஸ் ஒரு வசதி. உங்களுக்கு அதுவே அரிசிப் பானை.

அந்த ஆலயப் பேருந்துக்கு என்ன செய்வது?

தொடக்கத்தில் சொன்ன நிலைமைக்கு வருவோம். இரண்டு நாள் இருக்கிறது, ஓட்டுநர் இல்லை. பேருந்து நிறுவனத்தை அழைத்து மாற்று ஓட்டுநர் கேளுங்கள். அது அவர்களின் பொறுப்பு. அனுப்பும் ஓட்டுநரின் பி.எஸ்.வி. பேருந்துக்கு உரியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், அல்லது ரயிலில் போங்கள். பத்துமலைக்கு கேடிஎம் கொமுட்டர் ரயில் ஆலய வாசல் வரை போகிறது.

லாரி அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. பத்து வருட அனுபவம் சாதாரணமானதல்ல. கனரக வண்டியின் எடையும் பிரேக்கும் கண்ணாடியும் அவருக்குப் பழக்கம். பேருந்துப் பயிற்சியில் மற்றவர்களைவிட அவர் விரைவாகத் தேறக்கூடும். இந்தத் தைப்பூசத்திற்குப் பயணியாக வரட்டும். அடுத்த தைப்பூசத்திற்குள் பி.எஸ்.வி. எடுத்துவிட்டால், அதே 40 பேரை அவரே ஏற்றிக்கொண்டு போகலாம்.